நெருளில் பனி கொட்டும்! லோக்கலும் ஓடும்! தெரியுமா?

தினமும் காலையில் நவி மும்பையின் நெருள் பிளாட்பாரத்தில் லோக்கலுக்குக் காத்து நிற்பவரா நீங்கள்? அதே நெருளை, அதே தண்டவாளத்தை, அதே லோக்கலை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நீங்களே கட்டி, நீங்களே மோட்டார்மேனாக உட்கார்ந்து ஓட்டலாம், தெரியுமா? யாரோ செய்து வைத்த விளையாட்டை வாங்கி ஓட்டுவதைச் சொல்லவில்லை. மேடு பள்ளம் அமைப்பதிலிருந்து சிக்னல் நடுவது வரை எல்லாமே உங்கள் கைவேலை! உள்ளே நுழைந்து பார்த்தால் அடிக்கு அடி ஆச்சரியம்!

மைக்ரோசாஃப்ட் 2001இல் 'ட்ரெயின் சிமுலேட்டர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. அதோடு வந்தவை ஆறே ஆறு ரூட்! அமெரிக்காவுக்கு இரண்டு, ஜப்பானுக்கு இரண்டு, இங்கிலாந்துக்கு ஒன்று, ஆஸ்திரியாவுக்கு ஒன்று. இந்தியாவுக்கு? ஒன்றுகூட இல்லை! ஆனால் அந்த டப்பாவுக்குள்ளேயே ஒரு பொக்கிஷமும் இருந்தது. ரூட் எடிட்டர்! உலகத்தில் எந்த ஊர் ரயில்பாதையையும் நீங்களே கட்டிக்கொள்ளலாம். விடுவார்களா நம் ஆட்கள்? டபிள்யூடிஎம்-2 டீசல் இன்ஜின், டபிள்யூஏபி-4 மின்சார இன்ஜின் என்று ஒவ்வொன்றாகச் செய்து, சம்பளம் வாங்காமல், ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார்கள்!

அந்த மென்பொருளின் அடுத்த பதிப்பை 2009இல் மைக்ரோசாஃப்டே கைவிட்டுவிட்டது. அத்தோடு கதை முடிந்ததா? இல்லவே இல்லை! தன்னார்வலர்கள் சேர்ந்து 'ஓப்பன் ரெயில்ஸ்' என்ற இலவச மென்பொருளை எழுதினார்கள். அன்று கட்டிய பழைய ரூட்டுகள் இன்றும் அதில் ஓடுகின்றன!

சரி, இந்த உலகம் எப்படி உருவாகிறது தெரியுமா? பூமி உருண்டையை ஆரஞ்சுத் தோலை உரித்து விரித்த மாதிரி தட்டையாக்கி, கட்டம் கட்டமாக வெட்டியிருக்கிறார்கள். இந்த வரைபட முறையை ஜான் பால் கூட் என்ற அமெரிக்கப் புவியியலாளர் உருவாக்கியது 1923இல். கம்ப்யூட்டரே பிறக்காத காலம்!

ஒரு கட்டம் 2,048 மீட்டர் நீளம், 2,048 மீட்டர் அகலம். அதற்குள் 8 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி. ஒரே கட்டத்தில் எத்தனை புள்ளி? 65,536! நெருள் - பேலாப்பூர் - உரண் பாதை மொத்தம் 27 கிலோமீட்டர். அதை நேர்கோடாக நீட்டி வைத்தாலே 14 கட்டம் வேண்டும். 9 லட்சத்துக்கும் அதிகமான உயரப் புள்ளிகள்!

அத்தனை உயரத்தையும் யார் அளந்தது என்கிறீர்களா? விண்வெளி ஓடம்! 2000 பிப்ரவரியில் எண்டெவர் 11 நாள் பூமியைச் சுற்றியபடி, 60 மீட்டர் நீளக் கம்பத்தை வெளியே நீட்டி, ரேடார் அலை அனுப்பி, உலகின் நிலப்பரப்பில் 80 சதவீதத்தை அளந்து தள்ளியது. அந்தத் தகவல் இன்று இலவசம். செம்பூரோ தாராவியோ நெருளோ, உங்கள் தெருவின் மேடு பள்ளம் அதில் இருக்கிறது!

ஆனால் அந்தத் தகவலில் புள்ளிக்குப் புள்ளி 30 மீட்டர் இடைவெளி. சிமுலேட்டர் கேட்பதோ 8 மீட்டருக்கு ஒன்று. ஆக, 14 புள்ளியில் ஒன்றுதான் அளந்தது. மீதி 13 கணக்குப் போட்டு நிரப்பியது! இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரேடார் அலை தரைவரை போகாமல் மரத்தின் தலையிலும் கட்டடத்தின் மாடியிலும் பட்டுத் திரும்பிவிடும். கழியோரத்து அலையாத்திக் காடு கம்ப்யூட்டரில் மண்மேடாகவே வந்து நிற்கும்! அதை ஒவ்வொரு இடமாகத் தட்டிச் சமன் செய்ய வேண்டியது நம் பொறுப்பு.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று கேளுங்கள். உரண் லைனில் பாமன்டோங்ரி, கார்கோபர் ஸ்டேஷன்கள் இருக்கும் பகுதி உல்வே. அங்கே 90 மீட்டர் அளவு உயரத்தில் ஒரு குன்று இருந்தது. இன்று இல்லை! நவி மும்பை விமான நிலையத்துக்காக வெடி வைத்துத் தகர்த்து, ஓடுபாதைக்கு நிலமாக்கிவிட்டார்கள். உல்வே ஆற்றையே திசை திருப்பிவிட்டார்கள்! விமான நிலையத்தின் திறப்பு விழா 2025 அக்டோபரில் நடந்தது. எண்டெவர் அளந்ததோ 2000இல். அந்தத் தகவலை இறக்கி உரண் லைனைக் கட்ட உட்கார்ந்தால் என்ன ஆகும்? மறைந்துபோன குன்று திரையில் எழுந்து நிற்கும்! பாமன்டோங்ரிக்கு லோக்கலே வராத காலத்துக் குன்று, இன்றைய லோக்கலின் ஜன்னலுக்கு வெளியே! என்னைக் கேட்டால் ரூட்டை இரண்டாகவே கட்டலாம். குன்று உள்ள உல்வே ஒன்று, விமானம் இறங்கும் உல்வே ஒன்று. நிஜத்தில் இனி யாராலும் பார்க்க முடியாத குன்றை இதற்குள்ளாவது காப்பாற்றி வைக்கலாமே!

எந்த ஆண்டைக் கட்டப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நெருளுக்கு ரயில் வந்ததே 1993இல்தான், தெரியுமா? 1992இல் தானே கழிமுகத்தைத் தாண்டி மான்குர்டிலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது. மறு ஆண்டு நெருளுக்கு நீண்டது. செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கொடுத்தது ரயில்வே அல்ல, நகரத்தைக் கட்டிய சிட்கோ! 2004இல் தானேவிலிருந்து டிரான்ஸ் ஹார்பர் லைன். 2018 நவம்பரில் கார்கோபர் வரை இன்னொரு லைன்; 2024 ஜனவரியில் அது உரண் தொட்டது. ஒரு ரயில்கூட இல்லாத ஊர், 31 ஆண்டுக்குள் மூன்று லைன் கூடும் இடமாகிவிட்டது! 1995இன் நெருளைக் கட்டினால் ஒரு லைன் போதும். இன்றைய நெருளுக்கு? மூன்று மடங்கு வேலை!

நெருளுக்கு முதலில் வந்த அந்த ஹார்பர் லைனுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது எங்கே? 1925 பிப்ரவரி 3ஆம் தேதி, பம்பாய் வி.டி.யிலிருந்து (இன்றைய சி.எஸ்.எம்.டி.) குர்லாவுக்கு, ஹார்பர் வழியாக! 1,500 வோல்ட் டி.சி. மின்சாரம். மும்பையில் அந்த டி.சி. கடைசியாக விடைபெற்றது எங்கே? அதுவும் ஹார்பரில்தான், 2016 ஏப்ரலில்! முதலில் வந்த இடத்திலேயே கடைசிவரை இருந்து, 91 ஆண்டு கழித்து 25,000 வோல்ட் ஏ.சி.க்கு இடம்விட்டது. ஆகவே 2015இன் ரூட்டைக் கட்டுபவர் சி.எஸ்.எம்.டி. பக்கம் பழைய டி.சி. கம்பங்களை நட வேண்டும். இன்றைய ரூட் என்றால் வேறு கம்பம்!

கம்பம் என்றதும் ஒரு கணக்கு. ஏ.சி. மின்கம்பிக்கு இரண்டு கம்பங்களின் நடுவே அதிகபட்சம் 72 மீட்டர் விடலாம். வளைவில் இன்னும் நெருக்கி நட வேண்டும். உரண் லைனின் 27 கிலோமீட்டர் இரட்டைப் பாதைக்கு எத்தனை? குறைத்துக் கணக்கிட்டாலும் 750!

ஸ்லீப்பர் கட்டை எத்தனை தெரியுமா? இந்திய ரயில்வேயின் வழக்கமான கணக்கு கிலோமீட்டருக்கு 1,660. உரண் பாதையின் இரண்டு லைனுக்கும் சேர்த்து ஏறத்தாழ 90 ஆயிரம்! கம்ப்யூட்டரில்? ஒரே படம், திரும்பத் திரும்ப. அவ்வளவுதான்!

ஆனால் தண்டவாளம் அப்படி லேசில் விடாது. அந்த சிமுலேட்டரோடு வந்த தண்டவாளத்தின் அகலம் 1,435 மில்லிமீட்டர், அயல்நாட்டு அளவு. நம் அகலப்பாதை 1,676. வித்தியாசம் 241 மில்லிமீட்டர்! நம் அளவுத் தண்டவாளத்தைத் தனியாகச் செய்து போடாவிட்டால் பெட்டியின் சக்கரம் தண்டவாளத்துக்கு வெளியே தொங்கும்.

பிளாட்பாரமும் அப்படித்தான்! எக்ஸ்பிரஸ் பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர். மும்பை லோக்கல் பெட்டியோ 3.66 மீட்டர்! எக்ஸ்பிரஸுக்கு அளவெடுத்த பிளாட்பாரத்தைக் கொண்டுவந்து வைத்தால் லோக்கல் அதற்குள்ளேயே புகுந்து போகும்!

அந்த அகலமான லோக்கல் எங்கே பிறக்கிறது தெரியுமா? சென்னை பெரம்பூரில்! 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலைதான் மும்பை லோக்கல்களின் தாய்வீடு. மத்திய ரயில்வேயின் முதல் ஏ.சி. லோக்கல் 2020 ஜனவரியில் ஓடத் தொடங்கியதே, எந்த வழியில்? தானே - பன்வேல், நெருள் வழியாக! அதுவும் பெரம்பூர்ப் பிள்ளைதான். மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நெருளுக்குக் குடிவந்த தமிழர்களைச் சுமப்பது தமிழ்நாட்டில் செய்த ரயில்!

சுவருக்குச் சாயம் பூசுவது எப்படி? அங்கேதான் நுணுக்கம்! பிளாட்பாரச் சுவரைப் படம் எடுத்து, சதுரமாக வெட்டி, அதன் இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டினால் கோடு தெரியாதபடி சரிசெய்து, நீளம் முழுக்க அடுக்குவார்கள். படத்தில் பான் துப்பிய கறை ஒன்று இருந்துவிட்டால்? நாலு மீட்டருக்கு ஒரு தரம் அதே கறை, அதே வடிவில், பிளாட்பாரம் நெடுக! அதனால் முதலில் கறையைத் துடைத்துச் சுவரை அடுக்கிவிட்டு, பிறகு கறையைத் தனியாகச் செய்து, எங்கே உண்மையில் இருக்குமோ அங்கே மட்டும் ஒட்டுவார்கள். அழுக்குக்கும் அளவெடுக்கிறார்கள்! இதைச் செய்பவரின் பொறுமையைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கடலுக்கும் சிக்கல் உண்டு. மும்பையில் பெரிய ஏற்றத்தின்போது அலை 4.5 மீட்டரைத் தாண்டும். இறங்கினால் கழி முழுக்கச் சேறு. சிமுலேட்டரில் தண்ணீர் ஏறாது, இறங்காது! வாஷி பாலத்தின் அடியில் நிறைந்த நீரா, வெறும் சேறா? ஒன்றை நீங்களே முடிவு செய்து நிரந்தரமாக நிறுத்திவிட வேண்டும்!

சேற்றைத் தேர்ந்தெடுத்தால் ஒரு பரிசு உண்டு. பூநாரைகள்! சேறு தெரியும் நேரத்தில்தான் அவை மேய வரும். தானே கழி 2015இல் பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சர் ஈரநிலம் என்ற தகுதியும் பெற்றது. நெருளின் நீர்நிலைகளிலும் அவை கூட்டமாக இறங்குகின்றன. இளஞ்சிவப்புப் பறவைகளை எந்த ரூட்டில் வைத்தாலும் அது நெருள் பக்கம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்!

தலைப்பில் சொன்ன பனி? அந்த சிமுலேட்டரில் பருவம் நான்கு: வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம். அதாவது அயல்நாட்டுப் பருவங்கள்! குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்து, வானிலையில் பனியையும் அமுக்கினால் நெருளில் பனி கொட்டும்! பாலாஜி கோயில் குன்றின் மேல், டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தின் மேல், 12 பெட்டி லோக்கலின் கூரை மேல்! பருவமழைக்கோ தனிப் பருவமே கிடையாது. ஜூலை மாதத்துப் பச்சையை ரூட் கட்டுபவர்தான் வரைந்து சேர்க்க வேண்டும்.

இதையே நிஜப் பொம்மை ரயிலாகக் கட்டினால்? பிரபலமான எச்.ஓ. அளவு என்பது உண்மையில் 87இல் ஒரு பங்கு. சி.எஸ்.எம்.டி. முதல் பன்வேல் வரையுள்ள 49 கிலோமீட்டரை அந்த அளவில் சுருக்கினாலும் 563 மீட்டர் நீள அறை வேண்டும்! உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் உலகம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், 2001 முதல் இருக்கிறது. அங்கே தண்டவாளத்தின் மொத்த நீளம் சுமார் 16 கிலோமீட்டர்! அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் புணேயில் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் இருக்கிறது. இன்னும் பக்கத்தில்? நெருளிலேயே வொண்டர்ஸ் பார்க்கில் பொம்மை ரயில்! ஏழு உலக அதிசயங்களின் மாதிரியும் அங்கே இருக்கிறது!

பொம்மை ரயிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் எப்போது முடிச்சு விழுந்தது தெரியுமா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946இல் மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். பாயின்ட்டுகளையும் சிக்னலையும் இயக்க ஒயர் பின்னிப் பழகிய அந்தக் கூட்டம்தான் பிறகு கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தது. இன்று உலகமே சொல்லும் 'ஹேக்கர்' என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது அவர்களிடமிருந்துதான்! 1962இல் பிறந்த 'ஸ்பேஸ்வார்' என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அந்தச் சங்கத்தாரின் கைவண்ணம் உண்டு!

கை பரபரக்கிறதா? எடுத்த எடுப்பிலேயே பன்வேல், உரண் என்று இறங்காதீர்கள். நெருளிலிருந்து அடுத்த ஸ்டேஷன் சீவுட்ஸ் வரை மட்டும் கட்டுங்கள். ஓரிரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். சீவுட்ஸில் ஸ்டேஷனின் தலைக்கு மேலேயே ஒரு பெரிய ஷாப்பிங் மால் உட்கார்ந்திருக்கிறது, தெரியுமல்லவா? அதன் தூண்களைப் பிளாட்பாரத்தில் சரியான இடத்தில் நிறுத்திவிட்டால் கஷ்டமான பாதி முடிந்தது! பிறகு லோக்கலைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கார்டு எத்தனை முறை மணி அடித்தால் மோட்டார்மேன் வண்டியைக் கிளப்ப வேண்டும் தெரியுமா? இரண்டு!