காணாமல் போன பத்துக் கோத்திரங்கள் இந்தியாவிலா? தெரியுமா?

பண்டசோழநல்லூருக்குக் கிழக்கே, கடலோரம் இருக்கும் அரிக்கமேட்டை நமக்குத் தெரியும். அங்கே ரோமானியரின் மதுச்சாடிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே முதலாம் நூற்றாண்டில், கி.பி. 70-இல், அதே ரோமானியரின் படை எருசலேம் ஆலயத்தை இடித்துத் தரைமட்டமாக்கியது, தெரியுமா? ஆனால் இஸ்ரவேலர் சிதறிய கதை அதற்கும் சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது!

27,290 பேர்!
யாக்கோபின் பிள்ளைகள் வழியாக வந்தவை 12 கோத்திரங்கள். சாலொமோனுக்குப் பின் நாடு உடைந்தது: வடக்கே பத்துக் கோத்திரங்களின் இஸ்ரவேல், தெற்கே யூதா. கி.மு. 722 வாக்கில் அசீரியரிடம் வடநாட்டுத் தலைநகர் சமாரியா விழுந்தது. 27,290 பேரைச் சிறைபிடித்துச் சென்றதாக மன்னன் சர்கோன் தன் கல்வெட்டிலேயே கணக்குச் சொல்கிறான்! ஆபோர் ஆற்றங்கரையிலும் மேதியரின் பட்டணங்களிலும் குடியேற்றப்பட்ட அவர்கள், பிறகு தனி இனமாக வரலாற்றில் தென்படவே இல்லை.

எல்லாரும் போகவில்லை, தெரியுமா?
பலர் சொந்த மண்ணிலேயே தங்கினார்கள். எப்பிராயீம், மனாசே கோத்திரத்தார் நாங்களே என்கிற சமாரியர், கெரிசீம் மலையில் இன்றும் பஸ்கா ஆடு பலியிடுகிறார்கள். உலகம் முழுக்கத் தேடினாலும் அவர்கள் ஆயிரம் பேருக்குள்தான்!

திரும்பி வந்தவர்களும் உண்டு!
கி.மு. 586-இல் யூதாவும் விழுந்தது. நேபுகாத்நேச்சார் மக்களைப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஆனால் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனை வென்றதும், ஊர் திரும்ப அனுமதி கொடுத்தான். யூதா பிழைத்தது. அப்படியானால் அந்தப் பத்து?

கொங்கணக் கரையில் செக்காட்டியவர்கள்!
மும்பைக்குத் தெற்கே, நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் பிழைத்ததாக 'பெனே இஸ்ரவேல்' மக்கள் சொல்கிறார்கள். எண்ணெய் ஆட்டிப் பிழைத்த இவர்கள் சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள். அதனால் ஊரார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர்! 1964-இல் இஸ்ரேல் அரசு இவர்களை முழு யூதராக ஏற்றது. இவர்களிடம் மத்தியக் கிழக்கு யூத மரபணுவும் இந்திய மரபணுவும் கலந்திருப்பதை 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆங்கிலக் கவிஞர் நிசிம் எசக்கியேல் இந்தச் சமூகத்தவர்தான்!

மணிப்பூர், மிசோரம் மலைகளில் மனாசே!
குக்கி, மிசோ மக்களில் ஒரு பகுதியினர், தங்கள் ஆதி முன்னோரான மன்மாசிதான் மனாசே என்கிறார்கள். 2005-இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஷ்லோமோ அமார் அவர்களைத் தொலைந்த கோத்திரத்தின் வழிவந்தோர் என ஏற்றார். ஆயிரக்கணக்கானோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள்!

குண்டூரில் எப்பிராயீம்!
ஆந்திராவில் செப்ரோலு அருகே தெலுங்கு பேசும் சில நூறு பேர், 'பெனே எப்பிராயீம்' என்ற பெயரில் தொழுகைக்கூடம் கட்டி ஓய்வுநாள் ஆசரிக்கிறார்கள். அவர்களில் பலர் கூலிவேலை செய்து பிழைக்கும் எளிய மக்கள். இவர்களுக்கு இன்னும் அந்த அங்கீகாரம் கிடைக்கவில்லை.

பாகூரிலும் செப்பேடு, கொச்சியிலும் செப்பேடு!
9-ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கன் நம் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். அதேபோல் கொச்சி யூதர்களிடமும் ஒரு செப்பேடு உண்டு: கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குப் பகல்விளக்கு, பல்லக்கு, குடை உள்ளிட்ட 72 உரிமைகளைச் செப்பேட்டில் கொடுத்தான். எழுத்து என்ன தெரியுமா? நம் வட்டெழுத்து!

36 மணி நேரத்தில் 14,000 பேர்!
இந்தியாவுக்கு வெளியிலும் இப்படிச் சொல்லப்படுவோர் உண்டு. எத்தியோப்பிய யூதர்கள் தாண் கோத்திரத்தார் என்று 1973-இல் ரபி ஓவதியா யோசேப் தீர்ப்பளித்தார். 1991-இல் அங்கே உள்நாட்டுப் போர் முற்றியபோது, 36 மணி நேரத்தில் 14,000-க்கும் மேற்பட்டோரை விமானங்களில் ஏற்றி இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே விமானத்தில் ஆயிரம் பேருக்கு மேல்!

பத்துக் கோத்திரங்களும் முழுசாக எங்கோ ஒளிந்திருக்கவில்லை. பலர் போன இடத்து மக்களோடு கலந்தார்கள், சிலர் தங்கிய மண்ணில் நிலைத்தார்கள். மனாசே, எப்பிராயீம் வழியினர் என்று சொல்லும் எல்லாரையும் மரபணுச் சோதனை உறுதிசெய்துவிடவில்லை. ஆனாலும் கொங்கணக் கடலோரத்தில் ஒரு சிறு கூட்டம், ராஜ்ஜியமும் படையும் இல்லாமல், ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் நூற்றாண்டுகள் தாண்டிக் காப்பாற்றியது பெரிய சாதனை. அவர்களை விரட்டாமல் வாழவிட்ட இந்த மண்ணுக்கும் அதில் பெருமை உண்டு.

உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, குலதெய்வம் எங்கே இருக்கிறது? வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்!