ஏமாந்தோர் எழுதிய உறைகள்

பயன்படுத்திய தபால்தலைகளை உறையிலிருந்து கத்தரித்து, அட்டைப் பெட்டியில் சேர்த்து, மறைபரப்புப் பணிக்கென அனுப்பிவைக்கும் வழக்கம் கத்தோலிக்க உலகில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. இவ்வாறு குவிந்த தலைகள் எடைபோட்டு விற்கப்பட்டன. தபால்தலை வியாபாரிகள் அவற்றுக்கு 'மிஷன் கலவை' என்றே பெயரிட்டு வழங்கினர். நற்செயல்தான், ஐயமில்லை. ஆயினும் அஞ்சல் வரலாற்றைச் சேகரிப்போர் இதனை நினைக்குந்தோறும் பெருமூச்சு விடுவர். கத்தரிக்கோலானது தலையைக் காப்பாற்றி, உடலைக் குப்பையில் எறிந்துவிட்டதே என்பது அவர்கள் வருத்தம்.

தபால்தலை சேகரிப்பு வேறு, அஞ்சல் வரலாற்றுச் சேகரிப்பு வேறு. முன்னவருக்குத் தலை போதும். பின்னவருக்கோ முழு உறையும் வேண்டும். எந்த ஊரில் எந்நாளில் முத்திரை விழுந்தது, எவ்வளவு கட்டணம் ஒட்டப்பட்டது, கப்பலில் சென்றதா விமானத்தில் சென்றதா, சேர வேண்டிய இடம் சேர்ந்ததா, அன்றித் திரும்பி வந்ததா என்பனவற்றையெல்லாம் உறையே சொல்லும். யார் யாருக்கு எழுதினார் என்பதையும் அதுவே சொல்லும். இவ்வாறு சேர்க்கப்படும் உறைகளுள் விந்தையானதோர் இனம் உண்டு. தபால் வழியே ஊரை ஏமாற்றியோருக்கு, ஏமாந்தோர் தம் கைப்பட முகவரி எழுதி அனுப்பிய உறைகளே அவை.

பம்பாயில் ஒரு 'பண்டிதர்'

1930-களில் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளின் செய்தித்தாள்களில் 'பண்டித தாபோர்' என்னும் பெயரில் விளம்பரங்கள் வெளிவந்தன. முகவரி, பம்பாய் 7, அப்பர் ஃபார்ஜெட் தெரு. இந்தியாவின் புகழ்பெற்ற சோதிடர் உமது வாழ்க்கைப் பலனை இலவசமாக எழுதி அனுப்புவார். பெயரையும் பிறந்த நாளையும் உமது கையாலேயே எழுதுக. காகிதம் முதலிய சில்லறைச் செலவுக்குச் சிறு தொகை சேர்த்து அனுப்புக என்பது அவற்றின் சாரம். கடல் கடந்து உறைகள் வந்து குவிந்தன. இன்று அவ்வுறைகள் உலகெங்கும் சேகரிப்பாளர் கைகளில் உலவுகின்றன.

அவற்றை அவர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. இந்தியாவுக்குக் கடிதம் எழுத வேறெந்த முகாந்திரமும் இல்லாத ஒருவர், கடல்களுக்கு அப்பாலிருந்து, தம் சொந்தக் கையெழுத்தில், உரிய கட்டணம் ஒட்டி அனுப்பிய உறை அது. சேகரிப்பாளருக்காகவே தயாரித்த அலங்கார உறையன்று. மெய்யாகவே பயணம் செய்த உறை. இந்தியாவுக்கு விமானத் தபால் வளர்ந்து வந்த காலமும் அதுவே. 1929-இல் லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானத் தபால் தொடங்கிற்று. 1932 அக்டோபர் 15 அன்று டாட்டாவின் சிறு விமானம் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலைக் கொணர்ந்தது. அத்தடமே பெல்லாரி வழியாக நம் சென்னை வரை நீண்டது. சோதிடம் கேட்டு எழுதியவர் அறியாமலே அஞ்சல் வரலாற்றுக்குச் சான்று எழுதி வைத்தார்!

இன்னொரு நுட்பமும் அவ்வுறைகளில் உண்டு. முகவரியில் 'டிபார்ட்மெண்ட்' என்று ஓர் எண்ணும் எழுத்தும் சேர்த்து எழுதுமாறு விளம்பரம் பணித்தது. அத்தனை இலாகாக்கள் கொண்ட பெரிய நிறுவனம் என்று வாசகர் மயங்கியிருப்பர். உண்மையில் அது விளம்பரக்காரரின் பழைய உபாயம். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எண் கொடுத்துவிட்டால், எந்தப் பத்திரிகையில் போட்ட காசு எத்தனை கடிதங்களைக் கொண்டு வந்தது என்பதை உறையைப் பிரிக்காமலே கணக்கிடலாம். இன்று சேகரிப்பாளர் அந்த எண்களைப் பழைய விளம்பரங்களோடு ஒப்பிட்டு, உறை எந்தப் பத்திரிகையைப் படித்தவரிடமிருந்து புறப்பட்டது என்று துருவுகின்றனர்.

இவ்வகை வாணிகத்தில் இலவசப் பலன் தூண்டிற்புழு மட்டுமே. 'உமக்கு வரவிருக்கும் பெரும் மாற்றத்தை விரிவாக அறியக் கூடுதல் தொகை அனுப்புக' என்று அடுத்த கடிதம் வருவதே அதன் வழமை. ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் 'ராக்ஸ்ராய்' என்ற பெயரிலும் இத்தகைய சோதிடக் கடை நடந்தது. அங்குச் சென்ற உறைகளுக்கும் இன்று சேகரிப்பாளர் உண்டு. இது மோசடியா, வெறும் வியாபாரமா என்று சட்டம் அறிந்தோர் வாதிடட்டும். முன்பின் காணாதவரின் வாழ்வை விண்மீன் பார்த்துச் சொல்வதாகக் காசு பெறுவதை ஏமாற்று என்று சொல்ல நான் தயங்கேன். குறி, சோதிடம் முதலியவற்றைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2116) வெளிப்படையாகவே விலக்குகிறது.

சிறைக்கோயில் குரு

இதனினும் பழையது 'ஸ்பானியக் கைதி' மோசடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினிலிருந்து பல நாடுகளின் வசதியுள்ள குடும்பங்களுக்கு இக்கடிதங்கள் சென்றன. 'அநியாயமாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறேன். ஓரிடத்தில் பெருஞ்செல்வத்தை மறைத்து வைத்துள்ளேன். அதை மீட்கச் சிறு தொகை அனுப்பினால் பங்கு தருவேன். தாயில்லாத என் மகளையும் காப்பாற்றும்' என்று கடிதம் கெஞ்சும். பதில் எழுதியவருக்குச் சில வாரங்களில் மற்றொரு கையெழுத்தில் இன்னொரு கடிதம் வரும். கைதி இறந்துவிட்டார் என்றும், குழந்தை தம் பொறுப்பில் உள்ளது என்றும் சிறைக்கோயிலின் குருவானவர் எழுதியதாக அது இருக்கும். குருவும் பொய், குழந்தையும் பொய், அனுப்பிய பணம் ஒன்றே மெய்! அயலானின் துன்பத்துக்கு இரங்கும் நெஞ்சத்தையும், குருவின் வார்த்தையில் வைத்த நம்பிக்கையையும் முதலாக்கி நடந்த வியாபாரம் இது. பேராசைக்காரர் மட்டுமே ஏமாந்தனர் என்று எழுதுவோர் இந்தக் குழந்தையை மறந்துவிடுகின்றனர்.

அக்கடிதங்களின் நேர் வாரிசுகளே 1980-களிலும் 90-களிலும் நைஜீரியாவிலிருந்து வந்த 'கோடிக்கணக்கான டாலர்' கடிதங்கள். 1990-களின் இறுதியில் நியூயார்க் விமான நிலையத்தில் அமெரிக்க அஞ்சல் துறையினர் இவற்றை மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்தனர். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒட்டியிருந்த தபால்தலைகளே போலி!

மோசடித் தபாலை ஒடுக்க அமெரிக்கா 1872-இலேயே சட்டம் இயற்றியது. பின்னர், மோசடிக்காரர் என்று தீர்மானிக்கப்பட்டோருக்கு வரும் கடிதங்களை அவர்களிடம் கொடாமல், 'மோசடி' என்னும் பொருள்பட முத்திரை குத்தி, அனுப்பியவருக்கே திருப்பிவிடும் முறையும் ஏற்பட்டது. அம்முத்திரை விழுந்த உறைகளே இத்துறைச் சேகரிப்பின் மணிகள். ஏதோ ஒரு குடும்பத்தின் பணம் தப்பிப் பிழைத்தது என்பதற்கு அவ்வுறையே சாட்சி.

தாம்பரத்துக்கு வந்தோரும் தபாலில் வந்த மருந்தும்

தாம்பரம் சானடோரியம் என்று இரயில் நிலையத்துக்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928-இல் நிறுவியவர் டாக்டர் டேவிட் சவரிமுத்து. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்தியவர் அவர். கணித மேதை இராமானுசனும் அங்குச் சில காலம் சிகிச்சை பெற்றார். தாம்பரத்து இல்லம் 1937-இல் அரசு வசமாயிற்று. நல்ல காற்று, சத்துணவு, ஓய்வு ஆகியவையே அந்நாளைய சிகிச்சை. கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன், இருமலில் இரத்தம் கண்ட வீட்டில் நம்பிக்கைக்கு இடம் குறைவு. நம்பிக்கை குறைந்த வீட்டு வாசலிலேதான் தபால் மருந்து விற்போர் வந்து நின்றனர்.

அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்து 'டியூபர்குலோசைன்' என்னும் காசநோய் 'மருந்து' தபால் வழியே விற்கப்பட்டது; பிரிட்டனிலும் பரவிற்று. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 'இரகசிய மருந்துகள்' என்னும் நூலில் இதையும் இதுபோன்ற பிறவற்றையும் பகுத்தாய்ந்து வெளியிட்டது. பொட்டாசியம் புரோமைடு, கிளிசரின், நிறமூட்டச் சில பொருள்கள் ஆகியவையே உள்ளிருந்தவை. விற்ற விலை பவுன் கணக்கில். சரக்கின் அடக்கம் பென்னிக் கணக்கில். சி. எச். ஸ்டீவன்ஸ் என்பவர், தமது காசநோய் மருந்தை அந்நூல் பழித்தது என்று அச்சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்து, 1914-இல் தோற்றார். தோற்ற பின்னரும் விற்பனை நிற்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மேல்நாட்டார் கீழ்நாட்டுச் சோதிடருக்கு எழுதினர். மேல்நாட்டு மருந்துக்காரரோ எந்நாட்டவரையும் விட்டுவைக்கவில்லை. தொலைவில் உள்ளதை மனிதர் எளிதாக நம்பிவிடுகின்றனர். அருகில் இருந்தால் போய்ப் பார்த்துவிடலாமே!

இதே தென்புறநகர் கண்ட மெய்யான சிகிச்சையின் கதையும் சென்னையைச் சேர்ந்ததே. 1956-இல் இந்நகரில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை உண்பவரும் மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு நிகராகக் குணமடைவர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. அவ்வாண்டுக்கு முந்திய உறைகளைப் புரட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அறியாமையால் மட்டும் அவர்கள் எழுதவில்லை. வேறு வழியில்லாமலும் எழுதினர்.

வி.பி. பார்சலும் செங்கல்லும்

நம் நாட்டு மோசடிக்கு வாகாய் அமைந்தது வி.பி.பி. என்னும் முறை. 1877-இல் இந்திய அஞ்சல் துறை இதனைத் தொடங்கியது. பொருளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டு வருவார். விலையை அவரிடம் செலுத்திப் பெற்றுக்கொண்டால், அத்தொகை அனுப்பியவருக்குப் போய்ச் சேரும். வங்கியைக் காணாத சிற்றூருக்கும் புத்தகமும் விதையும் கடிகாரமும் இதனால் வந்து சேர்ந்தன. நேர்மையான எத்தனையோ வணிகருக்கு இது வாழ்வளித்தது.

ஆனால் பணம் கொடுத்த பின்னரே கட்டைப் பிரிக்க இயலும். தந்திரம் முழுவதும் இந்த ஒரு நிமிடத்தில் அடங்கிற்று. எவரும் கேளாத பொருளையும் வி.பி.யில் அனுப்பிவிட்டால், வீட்டில் உள்ளோர் 'அவர்தான் வரவழைத்திருப்பார்' என்று பணத்தைக் கட்டிவிடுவர். எனவே, மெய்யான ஆர்டரின் பேரிலேயே பொருள் அனுப்பப்படுகிறது என்று அனுப்புவோர் உறுதிமொழி தரவும், மோசடி எனக் கண்டால் வசூலித்த பணத்தை அஞ்சலகமே நிறுத்திவைத்துப் பெற்றவருக்குத் திருப்பித் தரவும், 1898-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு விதி செய்ய இடமளித்தது. (அச்சட்டம் 2024 சூன் வரை நடப்பில் இருந்தது.) ஆனால் அந்தப் பாதுகாப்பை அறிந்து, அஞ்சலகத்துக்கு விரைந்து சென்று எழுதிக் கொடுத்தோர் எத்தனை பேர் இருக்க முடியும்? வெட்கமே பலரை வாய்மூட வைத்திருக்கும்.

1970-களின் தமிழ் வார இதழ்களைப் புரட்டியோர் அந்தக் கட்டங்களை மறந்திருக்க மாட்டார்கள். எப்பக்கம் கூட்டினாலும் 15 வருமாறு எண்களை நிரப்புக; டிரான்சிஸ்டர் பரிசு! சிறுபிள்ளையும் நிரப்பிவிடும் கணக்கு அது. பின்னர், 'பரிசு உமக்கே. வரி, பார்சல் செலவு மட்டும் கட்டுக' என்று வடநாட்டிலிருந்து வி.பி. வரும். கட்டைப் பிரித்தால் செங்கல், அல்லது பேசாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

பீகாரின் கத்ரி சராய் என்னும் ஊர் தபால் வைத்தியத்துக்கே பேர்போனது. வெண்புள்ளிக்கு மருந்து என்று, முகவரியில் 'கயா' என்ற பெயரோடு, அவ்வூரிலிருந்து பல மொழிப் பத்திரிகைகளிலும் விளம்பரம் வந்தது. மந்திர மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் அவை ஓயவில்லை. ஊரார் அனைவரையும் குறை கூறலாகாது. ஆனால் அண்மை ஆண்டுகளில் அப்பகுதியிலிருந்து கைப்பேசி மோசடிச் செய்திகள் வருவதைக் காண்கையில், தபால் பை போய்த் தொலைபேசி வந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

கத்தரிக்கோலை எடுக்குமுன்

இவ்வுறைகளைத் தேடுவோருக்குச் சில வார்த்தைகள். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பின், பழம்பொருள் தேடும் புறநகர் அன்பர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிச் சந்தை அருகிலேயே உள்ளது. பழைய தபால்தலைகளும் காகிதங்களும் அங்கே வருவதுண்டு. 1956-இல் தொடங்கிய தென்னிந்திய தபால்தலைச் சேகரிப்போர் சங்கத்தில் கேட்டால் வழிகாட்டுவோர் கிடைப்பர். ஆயினும் இவற்றிற்கு முதல் புதையல் நம் வீட்டுப் பரணே. தாத்தாவின் தகரப் பெட்டியில் வி.பி. இரசீதோ, 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திரும்பிய கட்டின் மேலுறையோ, பரிசு அறிவித்த அச்சுக் கடிதமோ இருந்தால், அவற்றைத் தனித்தனியே பிரித்துவிட வேண்டாம். உறையும் உள்ளிருந்ததும் ஒன்றாய் இருந்தால்தான் அது வரலாறு. உறையை நீரில் ஊறவைக்கலாகாது. பசை நாடா ஒட்டலாகாது. எங்கே எவரிடமிருந்து கிடைத்தது என்பதைத் தனித்தாளில் பென்சிலால் குறித்து உடன் வைக்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. உள்ளிருக்கும் கடிதம் ஒரு நோயாளியினுடையதாகவோ, கடன்பட்ட ஒரு தாயினுடையதாகவோ இருக்கக்கூடும். பெயர் அறிந்த குடும்பம் இன்றும் அதே பங்கில் வாழலாம். கண்காட்சியில் வைப்பதாயின் பெயரை மறைத்து வைப்பதே முறை. முத்திரை, நாள், கட்டணம், அந்த 'டிபார்ட்மெண்ட்' எண் ஆகியவை தெரிந்தால் போதும். நடுவர்கள் கேட்பதும் அவற்றையே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதியின் ஈரம் காகிதத்துக்குப் பகை. ஆகவே தகரப் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல், வெயில் நாளில் திறந்து நிழற்காற்றில் உலர்த்தி, அந்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து மீண்டும் மூடுக.