உங்களுக்குத் தெரியுமா? கட்டடத்தின் அகலத்துக்குத் தண்ணீர் வரி!

நியூயார்க்கில் ஒரு காலத்தில் வீடுகளுக்குத் தண்ணீர்க் கட்டணம் போட்டது தண்ணீரை அளந்தல்ல. தெருவைப் பார்த்த முகப்பு எத்தனை அடி, எத்தனை மாடி, எத்தனை குளியலறை என்பதுதான் கணக்கு. இரவெல்லாம் குழாய் திறந்து கிடந்தாலும் பில் மாறாது! வீடுகளுக்கெல்லாம் மீட்டர் மாட்டும் திட்டம் 1988-இல்தான் தொடங்கியது.

அதன் பிறகும், ஊழியர் வந்து ரீடிங் எடுத்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகினால், பில்தான் காட்டிக்கொடுக்கும்.

2009 முதல் மீட்டர்களோடு சிறு ரேடியோ கருவிகளை இணைத்தார்கள். எண்ணிக்கை 8 லட்சத்துக்கும் மேல். கூரைகளில் உள்ள ரிசீவர்கள் வழியாக ரீடிங் தினமும் பலமுறை அலுவலகத்துக்குப் போய்விடும். ஐந்து நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட மூன்று மடங்கு தண்ணீர் போனால், பதிவு செய்தவருக்கு மின்னஞ்சல் எச்சரிக்கை. இது 2011-இல் வந்தது. உண்மையான லாபம் இந்த எச்சரிக்கைதான், ரீடிங் எடுக்கும் ஆள் மிச்சமானது அல்ல.

உங்கள் வீட்டில் சாதாரண மீட்டரா? எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பாருங்கள். முள் அப்போதும் நகர்ந்தால், எங்கோ ஒழுகுகிறது.