கேரவன் வாசலில் ஒரு பள்ளம்... சறுக்கு மூடி போடும் முன் இதைக் கவனிங்க!

தைப்பூசம், சபரிமலை சீசன் வந்தால் திண்டுக்கல் பைபாஸ் டீக்கடைகளில் டூர் வேன்கள் வரிசை கட்டும். அதில் ஏதாவது ஒரு வேனின் முன்கதவு வழியாக எட்டிப் பாருங்கள். டிரைவருக்கு இடப்பக்கம், படிக்கட்டுப் பள்ளத்தின் மேல் ஒரு பிளைவுட் பலகை கிடக்கும். அதன் மேல் பாய், தலையணை. மாற்று டிரைவரோ கிளீனரோ ராத்திரி முழுக்க அதில்தான் படுத்து வந்திருப்பார். வண்டி நின்றதும் பலகையைத் தூக்கி ஓரமாகச் சாய்த்துவிடுவார்கள். படுக்கை மறுபடியும் படிக்கட்டாகிவிடும்.

பலகையை எடுத்த விஷயம் பின்சீட்டில் தூங்கி எழுந்த பாட்டிக்குத் தெரியாது. முன்னால் நடந்து வருகிறார். போன முறை கால் வைத்த இடத்தில் தரை இருந்தது. இந்த முறை இல்லை.

இந்தப் பலகையின் வசதியான வடிவம்தான் கேரவன்களில் வரும் ‘சறுக்கு மூடி’. சினிமா நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியாகத்தான் கேரவன் நமக்கு அறிமுகம். இப்போது குடும்பச் சுற்றுலாவுக்கும் வந்துவிட்டது. பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. தேனி, குமுளி தாண்டிப் போனால் வரும் வாகமனில் 2022-ல் கேரவன் பார்க்கும் திறந்தார்கள். பழநி, கொடைக்கானல், மதுரை என்று நாலா பக்கமும் பாதை பிரியும் திண்டுக்கல்லில், பழைய வேனை வாங்கி வீடு மாதிரி மாற்றிக்கொள்ளும் ஆசை சிலருக்காவது எழுவதில் ஆச்சர்யமில்லை. பஸ் பாடி கட்டுவதற்குப் பெயர்போன கரூரும் நான்குவழிச் சாலையில் சுமார் 75 கிலோமீட்டர்தான்.

மூடி எதற்கு?

கேரவனில் இடம்தான் பணம். படிக்கட்டுப் பள்ளம் சும்மா திறந்து கிடந்தால், முன்சீட்டில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடமில்லை. வண்டி ஓடும்போது ஒரு தகடு சறுக்கி வந்து பள்ளத்தை மூடினால் அது தரையாகிவிடும். நிறுத்தியதும் தகடு உள்ளே போய்விடும், படி தெரியும். வெளிநாட்டுப் பெரிய கேரவன் பஸ்களில் இதற்காகவே ஒரு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் காற்றழுத்த சிலிண்டர் தள்ளும், சிலவற்றில் மோட்டார்.

நம் ஊர்ப் பட்டறைகளிலும் இதைச் செய்யலாம். இரும்பு ஃபிரேம், மேலே பிளைவுட் அல்லது புள்ளி போட்ட அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் சேனல். ஆனால், கிச்சன் டிராயருக்குப் போடும் சேனலை இதற்கு மாட்டக் கூடாது. டிராயரில் கரண்டிதான் கிடக்கும். இங்கே ஆள் நிற்பார், அதுவும் பிரேக் அடிக்கும்போது மொத்த எடையையும் ஒற்றைக்காலில் போட்டு நிற்பார். தகடு முழுக்க நீண்டு நிற்கும்போது அதன் முனை கதவுப் பக்கம் ஒரு தாங்கியின் மேல் உட்கார வேண்டும். அந்தரத்தில் நின்றால், என்றைக்காவது ஒருநாள் வளையும்.

அடுத்த எதிரி மணல். பழநியில் கிரிவலம் போய்விட்டு வெறுங்காலோடு ஏறும் பத்துப் பேர் கொண்டுவரும் மண் போதும், சேனல் இறுகிவிடும். கிரீஸ் தடவினால் சரியாகிவிடும் என்று நினைத்தால் தப்பு. கிரீஸில் மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். சேனலின் அடிப்பக்கத்தைத் திறந்து விட்டால் மண் தானாகக் கீழே கொட்டும். நைலான் உருளை போட்டால் கிரீஸ் தேவையும் குறையும்.

காற்றில் இயக்குவதா, மோட்டாரா? பெரிய பஸ்ஸில் காற்று இருக்கிறதே என்று பிரேக் லைனில் இருந்து ஒரு டியூப் இழுப்பது மகா ஆபத்து. மூடிக்குப் போகும் டியூப் கசிந்தால் பிரேக்குக்கான காற்றும் குறையும். பிரேக்கின் காற்றைக் காக்கும் வால்வைத் தாண்டித்தான் மற்ற வேலைகளுக்குக் காற்று எடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் இல்லையென்றால், தனி ஃபியூஸோடு மோட்டார் வைப்பதே நிம்மதி. வேன்களில் பெரும்பாலும் 12 வோல்ட், பெரிய பஸ்களில் 24 வோல்ட். மோட்டார் வாங்கும்போது இதை மாற்றிவிடக் கூடாது.

பூட்டு ஊருக்குத் தெரிந்த சூட்சுமம்

இவ்வளவும் சரியாக இருந்தும் விபத்து நடக்கலாம். காரணம், கதவும் மூடியும் ஒன்றை ஒன்று தெரிந்துகொள்ளாமல் தனித்தனியாக வேலை செய்வதுதான். கதவு திறந்து ஒரு குழந்தை படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது, உள்ளே யாரோ சுவிட்சைத் தட்டுகிறார். தகட்டின் விளிம்பு நேராகக் காலுக்கு வருகிறது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு என்று தலைமுறைகளாகக் கையாலேயே பூட்டு செய்து, 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கிய ஊர். உள்ளே இருக்கும் நெம்புகோல்கள் எல்லாம் சரியான இடத்துக்கு வந்தால்தான் பூட்டு திறக்கும். ஒன்று பிசகினாலும் அசையாது. மூடிக்கும் அதே கதைதான். கதவு முழுசாகச் சாத்தியிருக்கிறது என்று ஒரு சிறிய சுவிட்ச் சொன்னால்தான் மூடியின் மோட்டாருக்குக் கரன்ட் போக வேண்டும். கதவு திறந்திருந்தால் எத்தனை முறை அமுக்கினாலும் மூடி நகரக் கூடாது. பட்டனை விட்ட நொடியே தகடு நிற்கவும் வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் கடைசி வரை ஓடும் சுவிட்ச் இந்த இடத்துக்கு ஆகாது. செலவு என்று பார்த்தால் இரண்டு சுவிட்சும் கொஞ்சம் ஒயரும்தான். அலங்கார விளக்குக்குக் கொடுக்கும் காசில் சின்னப் பங்கு!

‘தரைதானே’ என்ற அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2012 ஜூலையில், சென்னை தாம்பரம் அருகே முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்துபோனார். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கான தனி விதிகள் வந்தன. முதல் படி தரையிலிருந்து 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. கேரவனுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால், முழங்கால் வலியோடு ஏறும் தாத்தாவுக்கு அதே அளவு பொருந்தும். மூடி மாட்டுவதற்காகப் படியின் உயரத்தைக் கூட்டிவிடும் டிசைனை யார் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கரன்ட் போனால்?

கடந்த 2025 அக்டோபரில், ராஜஸ்தானின் ஜெய்சால்மர் அருகே தீப்பிடித்த பஸ்ஸில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாதாரண பஸ்ஸாக இருந்ததை ஏ.சி. பஸ்ஸாக மாற்றியிருந்தார்கள், தீப்பிடித்தபோது கதவு திறக்கவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன.

கேரவன் வாசலும் பெரும்பாலும் ஒன்றுதான். கேஸ் அடுப்பு, பேட்டரி, திரைச்சீலை, மெத்தை எல்லாம் ஒரே கூரையின் கீழ். கரன்ட் போன நேரத்தில் மூடி பள்ளத்தை மூடியே நின்றுவிட்டால், கதவைத் திறந்தவர் படியில்லாமல் அத்தனை உயரத்தில் இருந்து நேராகக் குதிக்க வேண்டியிருக்கும். அதனால், மோட்டாரிலிருந்து தகட்டைக் கழற்றிவிடும் ஒரு பின், கைக்கு எட்டும் இடத்தில், சிவப்பு பெயின்ட் அடித்து இருக்க வேண்டும். இழுத்தால் தகட்டைக் கையாலேயே தள்ளிவிட முடிய வேண்டும். வண்டிக்கு அவசர வழி தனியாக இருக்கிறதா, அதன் முன்னால் கட்டில் போட்டு அடைத்திருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேனைக் கேரவனாக்குவது ஆர்.சி. புத்தகத்தையே தொடும் வேலை. பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பணத்தைக் கொட்டிய பிறகு எஃப்.சி.க்குப் போய் நின்று முழிப்பவர்களாக நாம் இருக்க வேண்டாமே.

வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது, வீட்டில் மூத்தவரையும் சின்னவரையும் கூட்டிப் போங்கள். இன்ஜினை அணைத்து, விளக்கை அணைத்து, பின்சீட்டிலிருந்து வாசல் வரை அவர்களை நடந்து வரச் சொல்லுங்கள். முன்னால் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். பள்ளத்தின் விளிம்பு அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? இருட்டில் ஒளிரும் மஞ்சள் பட்டையை அங்கே ஒட்டச் சொல்லுங்கள். கைப்பிடிக் கம்பி கைக்கு எட்டவில்லையா? அதையும் அன்றைக்கே இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.