மேரிலாந்தின் கரோல் குடும்பம்: மூன்று தலைமுறைகள்

அயர்லாந்திலிருந்து குடியேற்றக்கால அமெரிக்காவுக்குச் சென்ற குடும்பங்களுள், உடைமையும் உரிமையும் எப்போதும் ஒருங்கே கிட்டுவதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டுவது மேரிலாந்தின் கரோல் குடும்பமாகும். ஆங்கிலேய ஆதிக்கத்தால் நிலம் இழந்த கத்தோலிக்கக் குடியில் பிறந்து, லண்டனில் சட்டம் பயின்ற முதலாம் சார்லஸ் கரோல், மேரிலாந்துக் குடியேற்றத்தை அரச பட்டயத்தின்வழி உடைமையாகப் பெற்றிருந்த பால்டிமோர் பிரபுவால் அரசுத் தலைமை வழக்கறிஞராக நியமிக்கப்பெற்று, 1688இல் அங்குச் சென்றார். மறு ஆண்டே புராட்டஸ்டண்டுகள் கிளர்ந்தெழுந்து ஆட்சியைக் கைப்பற்றியதால் பதவியை இழந்த அவர், நிலம், வணிகம், கடன் வழங்கல் ஆகியவற்றால் பெருஞ்செல்வம் ஈட்டினார். ஆயினும் 1718இல் மேரிலாந்துச் சட்டம் கத்தோலிக்கரின் வாக்குரிமையைப் பறித்தது.

அவருடைய மகனான இரண்டாம் சார்லஸ், அச்செல்வத்தைப் பெருக்கியதோடு, உள்ளூரில் கத்தோலிக்கக் கல்விக்குத் தடை இருந்தமையால், தம் மகனைப் பிரான்சிலிருந்த இயேசு சபைக் கல்லூரிக்கு அனுப்பினார். அவ்வாறு கற்றுத் திரும்பிய மூன்றாம் சார்லஸ், 1773இல் செய்தித்தாள் விவாதத்தால் புகழ்பெற்று, 1776இல் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஒரே கத்தோலிக்கரானார். கையொப்பமிட்டோருள் இறுதியாக எஞ்சியிருந்த அவர், 1832இல் தம் 95ஆம் வயதில் காலமானார்.

எனினும், ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த இக்குடும்பத்தின் செல்வம், புகையிலைத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கரின் உழைப்பால் வளர்ந்தது என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றை மதிப்பிட வேண்டும்.