மிளகாய்ப் புட்டியை மூடும் முன்

1977-ம் ஆண்டின் வசந்த காலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பான்டியாக் நகரத்து மருத்துவமனைகளுக்கு வந்த சிலருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இமை தானாகச் சரிந்தது, விழுங்கவே சிரமப்பட்டார்கள். சுகாதாரத் துறையினர் துருவி விசாரித்ததில், எல்லோரும் ஒரே மெக்சிகன் உணவகத்தில் சாப்பிட்டவர்கள் என்று தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 50 பேருக்கும் மேல். குற்றவாளி, அங்கே பரிமாறிய காரச் சாஸ். அதில் சேர்த்த ஹாலபெனோ மிளகாயை வீட்டு முறையில் புட்டியில் அடைத்து வைத்திருந்தார்கள். அடைத்த விதம்தான் தப்பு, உள்ளே கிருமி வளர்ந்துவிட்டது.

நாக்கையே எரிக்கிற மிளகாயில் கிருமி எப்படிப் பிழைத்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. காரம் என்பது கேப்சைசின் என்ற பொருள் நம் நரம்பைச் சீண்டுவதால் வரும் எரிச்சல். அதை அளக்க வில்பர் ஸ்கோவில் என்பவர் 1912-ல் ஒரு முறை வகுத்தார். அந்தக் கணக்கில் ஹாலபெனோ 2,500 முதல் 8,000 வரை. ஹாபனேரோ லட்சத்தைத் தாண்டும். ஆனால் எந்த மிளகாயாக இருந்தாலும், புட்டிக்குள் அதைக் காப்பாற்றுவது காரம் அல்ல, புளிப்பு. மிளகாயில் புளிப்போ மிகக் குறைவு.

பான்டியாக் மக்களைப் படுக்க வைத்தது பாட்டுலிசம் என்ற நோய். அதை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி மண்ணில் இருப்பது. தோட்டத்திலிருந்து காயோடு ஒட்டிக்கொண்டு வரும். கூடையில் காற்றோட்டமாகக் கிடக்கும் மிளகாயில் அதனால் வளர முடியாது. காற்று அதற்கு எதிரி. மூடிய புட்டிக்குள் காற்று இல்லை, ஈரம் உண்டு, இதமான சூடும் உண்டு. கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்தாலும் அதன் வித்துகள் சாகாது. அவற்றைக் கொல்ல அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் சூடேற்றும் தனிக் கலன் வேண்டும். சமையலறை பிரஷர் குக்கர் அதற்கு ஈடாகாது.

இன்னொரு வழி வினிகர். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே போய்விட்டால் அந்த வித்துகள் முளைக்காது. மெக்சிகோவில் கேரட், வெங்காயம், பூண்டோடு மிளகாயை வினிகரில் ஊறப்போடும் ‘எஸ்கபெச்சே’ பழைய பக்குவம். அமெரிக்க வேளாண் துறை, வீட்டில் புட்டியில் அடைப்பவர்களுக்காகப் பரிசோதித்து வெளியிட்ட செய்முறை ஒன்றில் 5 கப் வினிகருக்கு 1 கப் தண்ணீர்தான். அந்த வினிகரும் 5 சதவீத அமிலம் உள்ளதாக இருக்க வேண்டும். புளிப்பு தூக்கலாக இருக்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால், காவலைக் கலைத்ததாகிவிடும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் வினிகர் பலவற்றில் 4 சதவீதமே இருப்பதால், அமெரிக்கக் குறிப்பை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

வேலை தொடங்குவது கையுறையில். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, வெறும் தண்ணீரில் கழுவினால் போகாது. முழு மிளகாயாகப் போடுவதென்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கீறல் வேண்டும். கீறாத மிளகாய் வயிற்றில் காற்றோடு மேலே மிதக்கும். வினிகர் உள்ளே இறங்காது. புட்டியின் வாய்க்குக் கீழே அரை அங்குலம் இடம் விட்டுச் சூடான வினிகரை ஊற்றி, குமிழிகளை வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். பிறகு கொதிநீரில் புட்டி முழுவதும் மூழ்கும்படி 10 நிமிடம். இது கடலோர ஊர்க் கணக்கு. உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால், 6,000 அடிக்கு மேல் 20 நிமிடம் தேவை. கொடைக்கானலில் செய்தாலும் இதே கணக்குதான்.

வட்டமாக நறுக்கிய மிளகாய் நொறுநொறுவென்று இருக்க, சிலர் சுண்ணாம்பு நீரில் 18 மணி நேரம் ஊறவைக்கிறார்கள். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது. ஒட்டிக்கொண்டு போனால் வினிகரின் வேலையைக் கெடுக்கும். அதனால் நன்றாக அலசி, புதுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். இப்படி மூன்று முறை.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தத் தொல்லை இல்லாத வழியும் ஒன்று உண்டு. மாடித் தொட்டியில் காய்த்த மிளகாயைக் கீறி, இரவில் உப்பிட்ட மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, மோர் வற்றும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மோர் மிளகாய். அங்கே ஈரமே இல்லாமல் போய்விடுவதால் கிருமிக்கு வேலையில்லை.

வினிகர் வழியில் கடைசிச் சோதனை மூடியில் இருக்கிறது. மேசன் என்ற அமெரிக்கர் 1858-ல் காப்புரிமை பெற்ற திருகு வாய்ப் புட்டிதான் இன்றைய கேனிங் ஜாடிகளுக்கு முன்னோடி. இப்போது தட்டையான மூடி ஒன்றும் அதைப் பிடித்து நிறுத்தும் வளையம் ஒன்றுமாக வருகிறது. கொதிநீரிலிருந்து எடுத்த புட்டி ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுப்பகுதி ‘டிக்’ என்று கீழே குழியும். ஒரு நாள் அசைக்காமல் வைத்துவிட்டு மறுநாள் அந்த நடுவை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அசையாத புட்டி அலமாரிக்குப் போகும். மேலும் கீழும் துள்ளுவது ஃபிரிட்ஜுக்குப் போகும். அதுதான் முதலில் சாப்பாட்டு மேசைக்கு வரும்.