கேரம் பவுடரும் நூறு கோடி டிகிரியும்

குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் தாண்டி நெய்வேலிப் பக்கம் போயிருக்கிறீர்களா? உயர்ந்த புகைபோக்கிகளும், ஆவி கிளம்பும் தடித்த கோபுரங்களும் தெரியும். அங்கே எரிவது பழுப்பு நிலக்கரி. ஏறத்தாழ ஒரு கிலோ எரித்தால் ஒரு யூனிட் மின்சாரம். உங்கள் வீட்டு மீட்டர் இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓடினால், அது முழுக்க நெய்வேலி மின்சாரம் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்காக எரிந்த கரி சுமார் 200 கிலோ. உங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து நிறுத்தினால் வரும் எடை!

இப்போது இன்னொரு கணக்கு. ஒரே ஒரு கிராம் எரிபொருள். அதிலிருந்து 6 டன் பழுப்பு நிலக்கரி தரும் வெப்பம். புகை இல்லை, சாம்பல் இல்லை. கணக்குப்படி இது சரி. இந்தக் கணக்கை நம்பி 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அதன் இன்றைய பெயர் டிஏஇ டெக்னாலஜிஸ். கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதுவரை அவர்கள் ஒரு யூனிட் அணு இணைவு மின்சாரம்கூட விற்கவில்லை. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. ஏன் இத்தனை காலம்? அதில் அப்படி என்ன கஷ்டம்? வாருங்கள், பார்க்கலாம்.

பிளப்பதும் சேர்ப்பதும்

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நடப்பது அணுப்பிளவு. யுரேனியம் என்ற பெரிய அணுவின் கருவை இரண்டாகப் பிளக்கிறார்கள். அப்போது வரும் வெப்பத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

நாம் பேசப்போவது இதற்கு நேர் எதிரான வேலை. இரண்டு சின்ன அணுக்கருக்களை ஒன்றாகச் சேர்ப்பது. இதற்கு அணு இணைவு என்று பெயர். சூரியன் இப்படித்தான் ஒளிர்கிறது.

சேரும்போது ஆற்றல் எங்கிருந்து வருகிறது? சேர்வதற்கு முன் இருந்த எடையைவிட, சேர்ந்த பிறகு இருக்கும் எடை கொஞ்சம் குறைவு. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் குறையும். அந்தக் காணாமல் போன எடைதான் ஆற்றலாக மாறிவிடுகிறது. எடையும் ஆற்றலும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். துளி எடைக்கே மலையளவு ஆற்றல் வரும்.

ஏன் அவ்வளவு சூடு வேண்டும்?

எல்லா அணுக்கருவிலும் நேர் மின்னூட்டம் இருக்கிறது. நேரும் நேரும் ஒன்றையொன்று தள்ளும். பக்கத்தில் வர வர இன்னும் பலமாகத் தள்ளும். அதைத் தாண்டி ஒட்டவைக்க வேண்டுமென்றால் பயங்கர வேகத்தில் மோதவிட வேண்டும். ஒரு பொருள் சூடாக இருக்கிறது என்றால் அதன் துகள்கள் வேகமாக ஓடுகின்றன என்று பொருள். அதனால்தான் சூடு.

சூரியனின் மையத்தில் 1.5 கோடி டிகிரி. சூரியனுக்கு இது போதும், ஏனென்றால் அதன் மாபெரும் எடையே எல்லாவற்றையும் உள்ளே நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. பூமியில் நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் சூரியனைவிடப் பத்து மடங்கு சூடாக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சூட்டில் அணுக்களின் எலக்ட்ரான்கள் பிய்த்துக்கொண்டு தனியே ஓடும். மின்னூட்டம் உள்ள துகள்களின் கூட்டமாக வாயு மாறிவிடும். இதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். மின்னல் பிளாஸ்மா. எரியும் டியூப் லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான், ஆனால் மிக மிக மெல்லியது.

கோடி டிகிரி பிளாஸ்மாவை எந்தப் பாத்திரத்தில் ஊற்றுவது? எந்தச் சுவரைத் தொட்டாலும் பிளாஸ்மா குளிர்ந்துவிடும், சுவரும் கெடும். அதனால் காந்தப்புலத்தால் பிடித்து, எதையும் தொடாமல் நடுவில் நிறுத்துகிறார்கள்.

கேரம் பவுடரில் இருப்பது

அணு இணைவு ஆய்வு செய்யும் பெரும்பாலானவர்கள் ஹைட்ரஜனின் இரண்டு வகைகளைச் சேர்க்கப் பார்க்கிறார்கள்: டியூட்டிரியம், டிரிட்டியம். இவைதான் இருப்பதிலேயே எளிதில் சேரும். ஆனால் இரண்டு தொல்லைகள். டிரிட்டியம் இயற்கையில் கிடைப்பது மிக அரிது, நாம்தான் தயாரிக்க வேண்டும். அதோடு, கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்கள் தூக்கிக்கொண்டு பறக்கும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, காந்தம் அதைத் தடுக்காது. அது நேரே போய்ச் சுவரில் அடித்து, நாளடைவில் சுவரையே கதிரியக்கம் உள்ளதாக்கிவிடும்.

டிஏஇ கம்பெனியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் நார்மன் ரோஸ்டோக்கர். கனடாவில் பிறந்த பிளாஸ்மா இயற்பியல் பேராசிரியர். கம்பெனி தொடங்கும்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது! அவர் வேறு எரிபொருளைத் தேர்ந்தெடுத்தார்: சாதாரண ஹைட்ரஜனும் போரானும்.

போரான் உங்களுக்குப் புதிதல்ல. கேரம் போர்டில் தூவும் பவுடர் பெரும்பாலும் போரிக் அமிலம், அதில் போரான் இருக்கிறது. நகை செய்பவர் பற்றவைக்கும்போது வைக்கும் வெங்காரத்திலும் போரான்தான் இருக்கிறது. (பவுடரை வாயில் மட்டும் வைத்துவிடாதீர்கள், விஷம்.)

ஒரு ஹைட்ரஜன் கருவும் ஒரு போரான் கருவும் சேர்ந்தால், உடனே மூன்று ஹீலியம் கருக்களாகப் பிரிந்து பறக்கும். நியூட்ரான் ஏறக்குறைய இல்லை. ஹீலியம் பலூனில் அடைக்கும் வாயு, கதிரியக்கம் இல்லாதது.

அப்படியானால் எல்லாரும் ஏன் போரானையே எடுக்கவில்லை? டியூட்டிரியத்திலும் டிரிட்டியத்திலும் ஒவ்வொரு நேர் மின்னூட்டம்தான். போரானில் ஐந்து! தள்ளும் விசை ஐந்து மடங்கு. அதனால் பதினைந்து கோடி டிகிரி போதாது, நூறு கோடி டிகிரிக்கும் மேல் வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. அவ்வளவு சூட்டில் எலக்ட்ரான்கள் எக்ஸ் கதிர்களாக ஆற்றலைச் சிந்திக்கொண்டே இருக்கும். வருவதைவிடச் சிந்துவது அதிகமாகிவிடலாம் என்று 1995இல் டாட் ரைடர் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த வழி வெல்லுமா என்று இன்றும் பல விஞ்ஞானிகள் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்தை ஒதுக்கிவிடக் கூடாது, அதற்குச் சோதனையில்தான் பதில் சொல்ல வேண்டும்.

செய்து பாருங்கள்: கவிழும் காந்தம்

வட்டமான இரண்டு காந்தங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பீக்கரில் கிடைக்கும். ஒன்றை மேஜைமேல் வையுங்கள். மற்றொன்றை, இரண்டும் தள்ளிக்கொள்ளும் பக்கமாகத் திருப்பி, நேர் மேலே பிடியுங்கள். விரலில் அந்தத் தள்ளல் தெரியும். இப்போது விடுங்கள். மிதக்குமா? மிதக்காது. சட்டென்று புரண்டு, டக்கென்று ஒட்டிக்கொள்ளும். (விரல் நடுவில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

டிஏஇ இயந்திரத்திலும் இதே தொல்லைதான். நீண்ட குழாயின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு பிளாஸ்மா வளையங்களை எதிரெதிரே ஏவி, நடுவில் மோதவிட்டு ஒன்றாக்குவார்கள். அந்தப் பிளாஸ்மாவுக்குள் மின்சாரம் வட்டமாக ஓடுவதால் அதுவே ஒரு காந்தம் ஆகிவிடும். வெளியே இருக்கும் காந்தப்புலத்துக்கு எதிர்த்திசையில் நிற்கும். எனவே உங்கள் காந்தத்தைப் போலவே புரளப் பார்க்கும்.

சுற்றாத பம்பரம் சாய்ந்துவிடும், சுற்றும் பம்பரம் நிற்கும் இல்லையா? அதேபோல் வெளியிலிருந்து வேகமான அணுக்கற்றையைப் பக்கவாட்டில் செலுத்தினால், உள்ளே போன துகள்கள் பெரிய வட்டமாகச் சுற்றி, பிளாஸ்மாவைப் புரளாமல் நிறுத்தும். சூடும் ஏற்றும். அந்த அணுக்கள் மின்னூட்டம் இல்லாமல் போக வேண்டும், இருந்தால் காந்தப்புலம் வாசலிலேயே அவற்றைத் திருப்பிவிடும். உள்ளே போன பிறகுதான் எலக்ட்ரானை இழந்து மின்னூட்டம் பெறும்.

ஒவ்வொரு இயந்திரமும் ஒரு கேள்வி

இந்தக் கம்பெனி ஒரே இயந்திரத்தைக் கட்டி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒன்று கட்டி, அளந்து, அதில் கற்றதை வைத்து அடுத்ததைக் கட்டினார்கள்.

2015இல் சி-2யூ என்ற இயந்திரம் 1 கோடி டிகிரி பிளாஸ்மாவை 5 மில்லி விநாடி நிலையாக வைத்திருந்தது. கண் இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு. ஆனாலும் கொண்டாடினார்கள். ஏனென்றால் அது தானாகக் கலையவில்லை, கற்றையைச் செலுத்தும் வரை நின்றது. பேராசிரியர் ரோஸ்டோக்கர் இதைப் பார்க்கவில்லை, 2014 டிசம்பரில் இறந்துவிட்டார். அவருடைய மாணவர் மிக்கேல் பிண்டர்பாவர் பணியைத் தொடர்ந்தார். 2017இல் வந்த அடுத்த இயந்திரத்துக்கு ஆசிரியர் நினைவாக நார்மன் என்றே பெயர் வைத்தார்கள். 2022இல் அது 7.5 கோடி டிகிரியைத் தொட்டதாக அறிவித்தார்கள். 2025இல், முனைகளில் இருந்த நீண்ட பகுதிகள் இல்லாமல் கற்றையால் மட்டுமே பிளாஸ்மாவை உருவாக்கிக் காட்டினார்கள். இயந்திரம் சிறிதானது, செலவும் குறையும்.

2023இல் ஜப்பானின் தேசிய இணைவு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, அங்கிருக்கும் பெரிய இயந்திரத்தில், காந்தப்புலத்தால் பிடித்து வைத்த பிளாஸ்மாவுக்குள் ஹைட்ரஜனும் போரானும் சேர்ந்ததை முதன்முதலாக அளந்த முடிவை வெளியிட்டார்கள். செலவழித்ததைவிட அதிக ஆற்றல் வரவில்லை. ஆனால் சேர்ந்தது உண்மை.

இதற்கெல்லாம் பணம்? கூகுள் போன்ற நிறுவனங்களும் முதலீட்டாளர்களும் 120 கோடி டாலருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். வழியில் கற்ற துகள் கற்றை நுட்பத்தைக் கொண்டு புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கருவி செய்யவும் தனிக் கம்பெனி வைத்தார்கள். அந்தச் சிகிச்சையிலும் போரான்தான் பயன்படுகிறது!

நம் நாடும் இந்தத் தேடலில் இருக்கிறது. குஜராத் மாநிலம் காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் ஆதித்யா என்ற இயந்திரம் 1989 முதல் இயங்கியது. பிரான்ஸில் பல நாடுகள் சேர்ந்து கட்டும் ஐடெர் என்ற அணு இணைவு இயந்திரத்தை மூடும் மாபெரும் உருக்குக் கலனை, நம் எல் அண்டு டி கம்பெனி குஜராத்தின் ஹசீராவில் செய்து அனுப்பியது. உயரமும் அகலமும் சுமார் 30 மீட்டர், எடை 3,850 டன்.

நெய்வேலியும் காத்திருந்தது

கால் நூற்றாண்டு என்பது அதிகமா? நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. நெய்வேலியில் முதல் மின்சாரம் கிடைத்தது 1962இல். நடுவில் இருந்த பெரிய தடை தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டிருந்தது. மேல் மண்ணை எடுத்தால் நீர் பீறிட்டுச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வெட்ட முடியும் என்று சோதித்துத் தெரிந்துகொண்ட பிறகே சுரங்கம் வந்தது. இன்றும் இறைக்கிறார்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் வருவது அந்தச் சுரங்க நீர்தான்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்தக் கரி எரியும் என்பது முதலிலேயே தெரியும். போரான் இணைவு மின்சாரமாகும் என்பதை இன்னும் யாரும் காட்டவில்லை. காத்திருந்தால் மட்டும் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. நம் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவே 1955இல் ஜெனீவா மாநாட்டில், இருபது ஆண்டுக்குள் அணு இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தும் வழி கிடைக்கும் என்றார். எழுபது ஆண்டு ஆகிவிட்டது. டிஏஇ முன்பு சொன்ன தேதிகளும் தள்ளிப்போயிருக்கின்றன. இப்போது 2030களைச் சொல்கிறார்கள்.

மூன்று கேள்விகள்

அப்படியானால் செய்தித்தாளில் 'அணு இணைவில் சாதனை' என்று வந்தால் எப்படி எடைபோடுவது? ஜான் லாசன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கிய அதே 1957இல், அதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதைக் கேள்விகளாக்கினால் இப்படி வரும்.

ஒன்று: எவ்வளவு சூடு?
இரண்டு: எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரம் பிடித்து வைத்தார்கள்?
மூன்று: மொத்தம் போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு?

ஒரு முறை போட்டுப் பார்ப்போம். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவின் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில், லேசர் கதிரால் 2.05 மெகா ஜூல் கொடுத்து 3.15 மெகா ஜூல் எடுத்தார்கள். உலகமே கைதட்டியது, தகுந்த காரணத்தோடுதான். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகா ஜூல். ஆக, வந்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசர்களை இயக்கச் செலவான மின்சாரம் சுமார் 300 மெகா ஜூல், அதாவது எண்பது யூனிட்டுக்கு மேல். மூன்றாவது கேள்வியைக் கேட்டவருக்குத்தான் இது தெரியும்.

இதையே டிஏஇ கம்பெனிக்கும் கேளுங்கள். சூடு: 7.5 கோடி டிகிரி, தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேரம்: மில்லி விநாடிகளில். வரவு: செலவைவிட இன்னும் குறைவு. மூன்றிலும் நெடுந்தூரம் பாக்கி. ஆனால் 1998இல் இதே கேள்விகளுக்கு அவர்களிடம் காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும்தான் இருந்தது. இன்று அளந்த எண்கள் இருக்கின்றன. அறிவியலில் முன்னேற்றம் என்றால் இதுதான்.

நீங்கள் பெரியவர்களாகும்போது இந்த எண்களை அளக்கும் இடத்தில் நீங்களே இருக்கலாம். அதற்குக் காந்தம், மின்னூட்டம், வெப்பம் என்ற மூன்று பாடங்களும் தேவை. மூன்றும் உங்கள் பள்ளிப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.